மருந்துக் கொள்கைப் பக்கம் போக எம்.பி.எச். படிக்கலாமா? பி.ஃபார்ம், ஃபார்ம்.டி பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

பி.ஃபார்ம் கடைசி வருடத்தில் இருப்பவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால் வழக்கமாக வருகிற பதில்கள் நான்குதான்: மெடிக்கல் ஷாப், கம்பெனியில் க்யூ.சி. என்கிற தரச் சோதனை, ரெப் வேலை, எம்.ஃபார்ம். ஃபார்ம்.டி மாணவர்கள் கூடவே வெளிநாடு என்பார்கள். இவை தவிர இன்னொரு பக்கம் இருக்கிறது. அரசு எந்த மருந்தை வாங்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும், ஒரு மாத்திரைக்கு அதிகபட்சம் என்ன விலை வைக்கலாம், புதிதாக வந்திருக்கும் விலை உயர்ந்த ஊசிக்கு அரசுக் காப்பீட்டில் இடம் கொடுக்கலாமா என்றெல்லாம் பார்க்கிற பக்கம். அங்கே மருந்தைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. நோய்க் கணக்கு, புள்ளியியல், பொருளாதாரம், கொஞ்சம் சட்டம் எல்லாம் வேண்டும். இவற்றைச் சேர்த்துக் கற்றுத் தருகிற படிப்பு பொதுச் சுகாதார முதுகலை, அதாவது எம்.பி.எச்.

நான் மூன்று வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் இருந்துவிட்டு அந்தப் படிப்புக்குப் போனவன். போகும் முன் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஒரு வருடமாவது மிச்சமாகியிருக்கும் என்று தோன்றுகிற விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மேசை, அப்புறம் படிப்பு

எல்லாரும் கல்லூரிப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எம்.பி.எச். ரொம்பப் பரந்த படிப்பு. தாய்சேய் நலம், தொற்றுநோய், சத்துணவு, சுற்றுச்சூழல் என்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விட்டுவிடும். மருந்துப் பக்கம் அது தானாக உங்களைக் கூட்டிப்போகாது. அதனால் படித்து முடித்து எந்த மேசையில் உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

கொள்முதல் மேசை நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டு, 1995 தொடக்கத்திலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. டெண்டரில் முதலில் தொழில்நுட்ப உறையைத்தான் திறப்பார்கள். அதில் தேறிய கம்பெனிகளின் விலை உறை மட்டுமே அப்புறம் திறக்கப்படும். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வரவு வைத்துவிடுவார்கள், எடுக்க எடுக்கக் கழியும். வங்கிக் கணக்கு மாதிரிதான். கேரளமும் ராஜஸ்தானும் தங்கள் கழகங்களை அமைத்தபோது பார்த்துக்கொண்டது இந்த ஏற்பாட்டைத்தான். இலங்கைக்காரர்களுக்கு இந்தக் கதை இன்னும் பழையது: பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் அங்கே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இலேயே வந்துவிட்டது.

விலை மேசை டெல்லியில் இருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 1997இல் அமைக்கப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. மதிப்பீட்டு மேசை என்றால், ஒரு மருந்தோ கருவியோ கொடுக்கிற காசுக்குப் பலன் தருகிறதா என்று கணக்குப் பார்ப்பது. மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017இல் இதற்கென்றே ஓர் அமைப்பு வந்தது. சண்டிகர், திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் அதற்கு வட்டார மையங்கள் இருக்கின்றன. பக்கவிளைவுக் கண்காணிப்பு நான்காவது மேசை. 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்குக் காசியாபாதில் தலைமையகம், மருத்துவக் கல்லூரிகளில் கண்காணிப்பு மையங்கள். புதிதாக வருகிற ஃபார்மசி பட்டதாரிக்கு எளிதாகக் கதவு திறப்பது இந்த மையங்களில்தான்.

ஐந்தாவதாகக் காப்புரிமைப் பக்கமும் இருக்கிறது. 2012 மார்ச்சில் நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு இந்தியா கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் வேறு கம்பெனி தயாரிக்க அனுமதி) கொடுத்தபோது, மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் ஆன மருந்து 9,000 ரூபாய்க்குள் வந்தது. அந்த மாதிரி வேலையில் ஆர்வம் இருந்தால் எம்.பி.எச்.சோடு சட்டமும் வேண்டியிருக்கும். இங்கே அதற்குள் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கனவு மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) வேலை என்றால் எம்.பி.எச். தேவையே இல்லை. ஃபார்மசி பட்டம் இருந்தால் போட்டித் தேர்வு எழுதலாம். இரண்டு வருடத்தையும் பணத்தையும் வீணாக்காதீர்கள்.

சேர்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை அடிக்கடி தீர்ந்துபோகும். ஒவ்வொரு வருடமும் இண்டென்ட், அதாவது இவ்வளவு வேண்டும் என்ற கோரிக்கை, போடுவோம், ஒவ்வொரு வருடமும் தீரும். கிடங்கில் சரியாக அனுப்புவதில்லை என்றுதான் எல்லாரும் திட்டுவோம். ஒரு நாள் கிடங்குக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த மூத்த மருந்தாளுநர் லெட்ஜரை என் பக்கம் திருப்பி வைத்தார். "தம்பி, நீங்க கேட்டதைக் கொடுத்துட்டோம். கேட்டதே கம்மி."

அவர் சொன்னது சரி. கணக்கை எளிதாக்கிச் சொல்கிறேன். ஆறு மாதத்தில் 80,000 மாத்திரை கொடுத்திருக்கிறோம். 80,000ஐ ஆறால் வகுத்தால் மாதம் 13,333. இண்டென்டில் நாங்கள் போட்டது இந்த எண்ணைத்தான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் 61 நாள் ஸ்டாக்கே இல்லை. இரண்டு மாதம் நோயாளிகள் வெறும் கையோடு திரும்பிப் போயிருக்கிறார்கள், அல்லது வெளியே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஸ்டாக் இருந்தது நான்கு மாதம்தான். 80,000ஐ நான்கால் வகுக்க வேண்டும். மாதம் 20,000. நாங்கள் கேட்டது தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் அடுத்த முறையும் தீரும். தீர்ந்த மாதங்களையும் கணக்கில் சேர்த்து மறுபடி குறைவாகக் கேட்போம். பற்றாக்குறையே அடுத்த பற்றாக்குறையை இண்டென்டில் எழுதி வைத்துவிடுகிறது. இதில் யாரும் திருடவில்லை, யாரும் சோம்பலாக இருக்கவில்லை. வகுத்த எண் தப்பு, அவ்வளவுதான்.

இதற்கு மேல் இன்னும் இருக்கிறது. மருந்து வந்து சேர எத்தனை வாரம் ஆகும், கையில் எவ்வளவு இருப்பு இருக்க வேண்டும், எக்ஸ்பைரி பக்கத்தில் இருக்கிற பேட்சை முதலில் வெளியே தள்ளுகிறோமா, தீர்ந்தால் உயிருக்கு ஆபத்தான மருந்து எது, தீர்ந்தாலும் நாலு நாள் தாங்குகிற மருந்து எது. நீங்கள் இருக்கும் இடத்தின் ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்து ஒரே ஒரு மருந்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவு பதினொரு மணி ஆனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தால் இந்தத் துறை உங்களுக்கானது. கொட்டாவி வந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

விலைப் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்துக்கு உச்சவரம்பு விலை எப்படி வருகிறது தெரியுமா? சந்தையில் ஒரு சதவீதமாவது பங்கு வைத்திருக்கிற எல்லாத் தயாரிப்புகளின் விலையையும் எடுத்து, அதாவது கடைக்காரருக்குக் கொடுக்கிற விலையை எடுத்து, சாதாரண சராசரி போட்டு, கடைக்காரர் லாபம் 16 சதவீதம் சேர்ப்பார்கள். நான்கு பிராண்டுகள் 4, 6, 8, 10 ரூபாய் என்று வையுங்கள். சராசரி 7, உச்சவரம்பு 8.12. பத்து ரூபாய் பிராண்ட் சந்தையில் அறுபது சதவீதம் விற்றாலும் இந்தக் கணக்கில் அது நான்கில் ஒன்றுதான். மீதி நாற்பதில் எட்டு ரூபாய் பிராண்டுக்கு 20, ஆறு ரூபாய்க்கு 15, நாலு ரூபாய்க்கு 5 என்று வைத்து, விற்பனைப்படி எடை போட்டுச் சராசரி எடுத்தால் 8.70 வரும். உச்சவரம்பு 10 ரூபாயைத் தாண்டிவிடும். இதுவே மலிவான பிராண்ட் அதிகம் விற்கிற மருந்தாக இருந்தால் கதை தலைகீழ். 2013க்கு முன் இருந்த ஆணை தயாரிப்புச் செலவை வைத்து விலை போட்டது. எது சரி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் ஒரு பக்கம் நின்று, எண்ணோடு பேச வேண்டும் என்று கை துறுதுறுத்தால் சுகாதாரப் பொருளாதாரம் இருக்கிற படிப்பாகப் பாருங்கள்.

இந்தியாவில் எங்கே

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தின் அச்சுத மேனோன் மையம் 1997இலிருந்து எம்.பி.எச். நடத்துகிறது. நாட்டின் பழைய எம்.பி.எச். படிப்புகளில் ஒன்று. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம், மணிப்பால், காந்திநகரிலும் ஹைதராபாதிலும் இருக்கும் இந்தியப் பொதுச் சுகாதாரக் கழகங்கள், நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர், எஸ்.ஆர்.எம். என்று இடங்கள் நிறைய. அறிவிப்பில் தகுதி என்ற பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். சில படிப்புகள் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். சிலவற்றில் ஃபார்மசிக்காரர்களுக்குப் பணி அனுபவம் கேட்பார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டியபின் இதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன்.

நிர்வாகப் பக்கம் சாய்வு என்றால் ஜெய்ப்பூரில் சுகாதார மேலாண்மை கற்றுத் தருகிற ஐ.ஐ.எச்.எம்.ஆரில் மருந்து மேலாண்மைக்கென்று தனியாக எம்.பி.ஏ. இருக்கிறது. மொஹாலியில் இருக்கும் தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சிக் கழகமான நைப்பரிலும் மருந்துத் துறை எம்.பி.ஏ. உண்டு. இவை கம்பெனி வேலைக்கு நன்றாகக் கை கொடுக்கும். அரசுக் கொள்கை, ஆராய்ச்சி என்று போக எம்.பி.எச். பொருந்தும் என்பது என் கருத்து. ஏற்கனவே எம்.ஃபார்மில் ஃபார்மசி ப்ராக்டிஸ் முடித்தவர்கள் அவசரப்பட்டு இன்னொரு முதுகலை சேர வேண்டாம். ஒரு வருடம் ஏதாவது திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு யோசியுங்கள்.

படிப்பு எதுவானாலும் சேரும் முன் அங்கே இப்போது படிக்கிற ஒருவரிடம் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். மருந்து சம்பந்தமாகத் தனிப் பாடம் உண்டா? ஆசிரியர்களில் யாராவது மருந்து பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களா? போன வருடம் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே அனுப்பினார்கள்? மூன்றுக்கும் இல்லை என்று வந்தால், எவ்வளவு பெயர் பெற்ற கல்லூரியாக இருந்தாலும் மருந்துப் பக்கத்தை நீங்களே தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெளிநாடு என்றால்

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் மருந்துப் பொருளாதாரத்துக்குப் பேர் போனது. பாஸ்டன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற பெரிய பொதுச் சுகாதாரப் பள்ளிகளிலும் மருந்துக் கொள்கையில் வேலை செய்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பல பள்ளிகளுக்கு சோஃபாஸ் என்ற ஒரே பொது விண்ணப்பத் தளம் போதும். ஆனால் செலவு பயங்கரம். முதுகலைக்கு உதவித்தொகையும் குறைவு. கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், திரும்பி வந்து இங்கே கொள்கை வேலையில் அந்தக் கடனை அடைப்பது கஷ்டம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஐரோப்பாவில் எனக்குப் பிடித்தது போர்தோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்துகிற யூ-டூ-பி. மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புக்கும் மருந்து நோய்ப்பரவலியலுக்கும் (பெரிய மக்கள் கூட்டத்தில் மருந்தின் பயன்பாட்டையும் விளைவையும் ஆராய்வது) என்றே அமைந்த படிப்பு. லண்டனில் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் லண்டன் பொருளாதாரப் பள்ளியும் இருக்கின்றன. யார்க் பல்கலைக்கழகம் சுகாதாரப் பொருளாதாரத்துக்கு. பிரிட்டன் போக செவ்னிங் உதவித்தொகைக்கு முயலலாம். அதற்கு இரண்டு வருட வேலை, மணிக்கணக்கில் 2,800 மணி நேரம், காட்ட வேண்டும். ஆகவே படித்த கையோடு விண்ணப்பிக்க முடியாது. பேங்காக் மஹிதோல் பல்கலைக்கழகத்தை நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டில், அதாவது முன்னே சொன்ன மதிப்பீட்டு மேசை வேலையில், ஆசியாவில் முன்னோடி நாடு தாய்லாந்து. அங்கே அரசு உண்மையாகவே இந்தக் கணக்குகளைக் கேட்டு முடிவெடுக்கிறது. நம் ஊர் நிலைமைக்கும் அது பக்கத்தில் இருக்கிறது.

நோக்கக் கட்டுரை

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுப்பதுதான் நோக்கக் கட்டுரை. என் முதல் கட்டுரை "சிறுவயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆர்வம்" என்று ஆரம்பித்தது. படித்துப் பார்த்த பேராசிரியர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியது ஒரே வரி: "இதில் மருந்து எங்கே?" அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த மெட்ஃபார்மின் கணக்கை எழுதினேன். இடம் கிடைத்தது.

நீங்களும் ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு சிக்கல், அதில் நீங்கள் பார்த்தது, உங்களுக்குப் புரியாமல் நின்ற இடம். அந்தப் புரியாத இடத்துக்குத்தான் படிக்க வருகிறேன் என்று முடித்தால் போதும். ஊக்கம், அர்ப்பணிப்பு போன்ற வார்த்தைகள் எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். உங்கள் ஸ்டாக் ரெஜிஸ்டர் வேறு யாரிடமும் இல்லை.

படிக்கிற இரண்டு வருடத்தில்

புள்ளியியலுக்குப் பயந்து ஓடாதீர்கள். ஃபார்மசியிலிருந்து வருகிறவர்களுக்குக் கணக்கு பழக்கம் விட்டுப்போயிருக்கும். முதல் செமஸ்டரில் தடுமாறும், பரவாயில்லை. ஆர் மென்பொருள் இலவசம், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். எக்செலில் பிவட் டேபிள் போடத் தெரியாமல் மட்டும் வெளியே வராதீர்கள். முதல் வேலையில் தினமும் அதைத்தான் கேட்பார்கள்.

மருந்துப் பயன்பாட்டை அளக்க உலகம் முழுக்க ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். வரையறுத்த தினசரி அளவு என்று பெயர், ஒஸ்லோவில் இருக்கிற மையம் பராமரிக்கிறது. மெட்ஃபார்மினுக்கு அது 2 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரை 1,20,000 செலவானால் 60,000 கிராம், அதாவது 30,000 தினசரி அளவு. இப்படி மாற்றிவிட்டால் இரண்டு மாவட்டங்களையும் ஒப்பிடலாம், இரண்டு நாடுகளையும் ஒப்பிடலாம். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டால் நீங்களாகவே ஒரு வாரம் ஒதுக்கிப் பழகிவிடுங்கள்.

கூடவே மூலப் பத்திரங்களைப் படிக்கிற பழக்கம் வேண்டும். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல் 1996இல் முதலில் வந்தது. 2022 பதிப்பில் 384 மருந்துகள். எதைச் சேர்த்தார்கள், எதை ஏன் நீக்கினார்கள் என்று குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது. கொள்முதல் கழகங்களின் டெண்டர் ஆவணங்கள் இணையத்தில் கிடைக்கும். தாமதமானால் என்ன அபராதம், தரம் தவறினால் எத்தனை வருடம் கறுப்புப் பட்டியல் என்று வரி வரியாகப் படியுங்கள். வகுப்பில் சொல்லித் தராத விஷயம் பாதி அதில்தான் இருக்கிறது.

ஆய்வேட்டில் நான் பட்டது உங்களுக்கு வேண்டாம். அருமையான தலைப்பு, மூன்று மருத்துவமனைகளின் தரவு வேண்டும். ஓர் அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்துக்கு நான்கு மாதம் நடந்தேன். நெறிமுறைக் குழு ஒப்புதல் தனியாக. கடைசியில் ஆறு வாரத்தில் ஒரே மருத்துவமனையை வைத்து ஒப்பேற்றினேன். முதல் வருடம் முடியும் முன்பே கடிதம் போட்டுவிடுங்கள். அனுமதி கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று இன்னொரு தலைப்பும் கையில் இருக்கட்டும். விலை அறிவிக்கைகள், டெண்டர் முடிவுகள் போன்றவை பொதுவில் கிடைக்கிற தரவு. அவற்றை வைத்தே நல்ல ஆய்வேடு எழுதலாம், யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

முதல் வேலை

அரசுத் திட்டங்களில் வேலை பெரும்பாலும் ஒப்பந்தம்தான். திட்டம் நீண்டால் நீளும். சம்பளம் ஆரம்பத்தில், உங்களோடு படித்து ரெப் வேலைக்குப் போன நண்பரைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தீபாவளிக்கும் பேச்சு வாங்க வேண்டும்.

பக்கவிளைவுக் கண்காணிப்பு மையங்களில் அசோசியேட், மாநிலக் கழகங்களில் ஆலோசகர், மதிப்பீட்டு மையங்களில் ஆராய்ச்சியாளர், கிளின்டன் சுகாதார அணுகல் முனைப்பு போன்ற தொண்டு அமைப்புகளில் கொள்முதல், விநியோகச் சங்கிலி வேலைகள். பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம் பக்கம் கம்பெனிகளுக்கு மருந்துப் பொருளாதார அறிக்கை எழுதித் தருகிற அலுவலகங்கள் நிறைய. அங்கே சம்பளம் நன்றாக இருக்கும். இரண்டு வருடம் அங்கே இருந்து கை தேறியபின் அரசுப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டு அரசுக் குழுவிலும் உட்கார முடியாது. எந்தக் குழுவிலும் முதலில் நீட்டுகிற தாள் முரண்நலன் உறுதிமொழிதான், அதாவது இந்த முடிவில் எனக்குச் சொந்த ஆதாயம் இல்லை என்று எழுதிக் கொடுப்பது.

கடைசியாக ஒன்று, எம்.பி.எச். சேர்ந்ததும் பலரும் மறந்துவிடுவது. மாநில ஃபார்மசி கவுன்சிலில் உங்கள் மருந்தாளுநர் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். கொள்முதல், கிடங்கு சம்பந்தமான விளம்பரங்கள் பலவற்றில் எம்.பி.எச். விரும்பத்தக்கது என்றும், பதிவு கட்டாயம் என்றும் போட்டிருப்பார்கள். என்னோடு படித்த ஒருவர் நேர்காணல் நாளன்று சான்றிதழை நீட்டியபோதுதான் பதிவு முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டதைப் பார்த்தார்.